செட்டுன்னா செட்டுதான்!

ஆங்கிலத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் போட்டால், கண்ணை மூடிக்கொண்டு ‘செட்’டைக் கேட்பேன். என்ன ஒரு சொல் அது!

மங்கலம்பேட்டைக் கடைத்தெருவில் காலையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாலே போதும். ஓட்டலில் ‘ஒரு செட் பூரி’ என்றால் இலையில் இரண்டு விழும். எதிரே திருவிழாவுக்கு மைக்செட் வாடகை பேசுகிறார்கள். பம்புசெட்டுக்குக் காயில் கட்ட ஒருவர் வந்திருக்கிறார். பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கும் பெரியவரைக் காட்டி, “அவரு எங்கப்பா செட்டு” என்கிறார் கடைக்காரர். பெண் பார்த்துவிட்டு வந்தவர் குரல் மட்டும் இறங்கியிருக்கிறது: “ஜாதகம் செட் ஆகலைங்க.” இத்தனைக்கும் யாருக்காவது அகராதி தேவைப்பட்டதா?

அகராதிக்காரர்கள்தான் திணறினார்கள். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு 430 பொருள். விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொற்கள். பின்னால் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைச்சொல் 645 பொருளோடு முந்திவிட்டதாம். முந்தட்டும். நம் ஊரில் ரன் கிரிக்கெட்டைத் தாண்டி அதிகம் ஓடவில்லை. செட்டோ சாப்பாட்டு இலை முதல் சம்பந்தம் பேசுவது வரை உட்கார்ந்திருக்கிறது.

நான் அசந்துபோனது பக்கத்து விருத்தாசலத்தில். பீங்கான் பொம்மைக்கு அச்சு செய்யும் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார்கள். மோர் மாதிரி இருந்தது பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறுகுகிறது. ‘செட் ஆகுது, கை வைங்க’ என்பார்கள். வைத்தால் சுடுகிறது! அடுப்பில்லை, நெருப்பில்லை, தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது அதுவே வெளியிடும் சூடு. அச்சு காய்ந்ததும் களிமண் கரைசலை உள்ளே ஊற்றினால், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச, சுவர் ஓரமாக மண் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கூடான பொம்மை. அச்சு ‘செட்’ ஆனால்தான் பொம்மை. பொம்மைகள் சேர்ந்தால் கொலுவுக்குக் கல்யாண செட், தசாவதார செட். ஒரே கூரைக்குள் ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை!

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ‘கட்டும் செட்டுமாக் குடும்பம் நடத்து’ என்று பாட்டிகள் சொல்வார்களே, அந்தச் செட்டு நம்முடையது. சிக்கனம் என்று பொருள். ஆங்கிலச் செட்டுக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன. (கல்லூரி ஆசிரியர் வேலைக்கான ‘செட்’ தேர்வு தனிக் கதை. அது எழுத்துச் சுருக்கம், கணக்கில் சேராது.)

நவராத்திரிக்கு முன்னால் விருத்தாசலம் பக்கம் வந்தால் தசாவதார செட் ஒன்று வாங்குங்கள். பெட்டியை மூடுவதற்குள் பத்தும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தாலும் அது செட் இல்லை.