சொல்லே செயலாகும் களத்தில் உடனிருப்போர் கடமை

ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, லாம்டாமூ என்னும் கணினிப் புனைவுலகில் நிகழ்ந்த வன்முறையைப் பற்றியது. எழுத்தால் மட்டுமே இயன்ற அவ்வுலகின் வரவேற்பறையில், 'திரு. பங்கிள்' என்னும் பாத்திரம் பிற பாத்திரங்கள் இழிசெயல் புரிவதாகத் தொடர்களைப் புனைந்து வெளியிட்டது. அவன் சொற்களைத் தம் திரையில் மறைத்துக்கொள்ளக் கட்டளை ஒன்று இருந்ததே என்று சிலர் வாதிட்டனர். அக்கட்டளை கேட்போர் செவியை அடைக்குமேயன்றிச் சொல்வோன் வாயை அடைக்காது; ஏனையோர் திரையில் அத்தொடர்கள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆஸ்டினின் பேச்சுச்செயல் கோட்பாட்டின்படி, கூற்று செயலாக நிறைவேறக் கேட்போரின் புரிந்தேற்பு வேண்டும். அவமதிப்போ அவையையும் வேண்டுவது. எனவே அங்கிருந்து வாசித்தோர் அச்செயலுக்குப் புறம்பானவர் அல்லர். ஸிப்பி என்னும் மூத்த ஆட்டக்காரர் பங்கிளைக் கூண்டில் அடைத்த பின்னரே அது நின்றது (அக்கூண்டும் சொல்லால் ஆனதே). பின்னர் எழுந்த தண்டனை விவாதத்தை விரித்துரைக்கும் டிபெல், இத்தலையீட்டைச் சுருக்கமாகக் கூறிக் கடந்துவிடுவது இக்கட்டுரையின் குறையே.