நாயின் உயரத்தில் ஒரு கேரவன்

யார்க்‌ஷயர் டேல்ஸின் வடபகுதியில், ஸ்வேல் ஆறு ஓடும் பள்ளத்தாக்கில், ஆட்டுப் பண்ணை ஒன்றின் மேய்ச்சல் நிலத்து ஓரமாக ஒரு கேரவன் நிற்கிறது. விடுமுறைக்கு வருகிறவர்களுக்குப் பண்ணைக் குடும்பத்தார் அதை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மிகச் சாதாரணமானது. பாசிப்பச்சை வண்ணம் பூசிய நீண்ட தகட்டுப் பெட்டி, பக்கத்தில் இரண்டு கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். நாய்க்கு அனுமதி உண்டு என்று அறிவிக்கும் கேரவன்கள் பிரிட்டனில் ஏராளம். வந்தால் துரத்த மாட்டோம் என்பதற்கு மேல் அந்த அனுமதிக்குப் பெரும்பாலும் பொருள் இருக்காது. இங்கே நாய் வரும் என்று எதிர்பார்த்து, அதற்காக யோசித்துச் செய்திருக்கிறார்கள். அடித்த ஆணி வரைக்கும் அது தெரிகிறது.

முதலில் வாசற்படி. மூன்றே படிகள், நல்ல அகலம். படிக்கும் படிக்கும் நடுவிலுள்ள சந்தைப் பலகையால் அடைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த பிரவுனி வயதான லாப்ரடார். படிச்சந்து வழியே கீழே தரை தெரிந்தால் முன்காலை வைத்துவிட்டுப் பின்வாங்கிவிடும். இங்கே ஒரு நொடிகூடத் தயங்காமல் ஏறிப் போனது. கதவு குதிரை லாயத்துக் கதவின் அமைப்பில், இடுப்புயரத்தில் இரண்டாகப் பிரிகிறது. கீழ்ப்பாதியைத் தாழிட்டு மேல்பாதியைத் திறந்து வைத்தால் புல்வாசமும் வெளிச்சமும் தாராளமாக உள்ளே வரும், நாய் வெளியே ஓடாது.

கதவுக்கு வெளியே முழங்கால் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதற்குப் பக்கத்து ஆணியில் ஒரு பழைய துண்டு. துவைத்துத் துவைத்துச் சொரசொரப்பான துண்டுதான் நாயின் ஈரத்தை நன்றாக இழுக்கும், புதுத் துண்டு வெறுமனே தடவிவிட்டுப் போகும். அதை அறிந்து மாட்டியிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முன்பக்கத்து ஜன்னல். அதன் கண்ணாடி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்திலேயே தொடங்கிவிடுகிறது. படுத்த வாக்கில், முன்கால்மேல் மோவாயை வைத்தபடியே, நாய்க்குப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கறுத்த முகமும் வெளுத்த மூக்கும் சுருண்ட கொம்புமாக ஸ்வேல்டேல் ஆடுகள், சரிவு நெடுகச் சாந்தில்லாமல் அடுக்கிய கற்சுவர்கள், புல்வெளிக்கு ஒன்றாகத் தனித்து நிற்கும் கல்தொழுவங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்த எங்களுக்கும் காட்சி அதுதான். ஆனால் பிரவுனி மட்டும் அதை ஆட்டின் கண்மட்டத்திலிருந்து பார்த்தது. ஆடு ஒன்று கண்ணாடி வரை வந்து உற்றுப் பார்க்கும், இரண்டும் அசையாது, பிறகு ஆடு புல்லுக்குத் திரும்பிவிடும்.

கேரவனும் நாயும் தொடக்கத்திலேயே சேர்ந்து வந்தவைதான். 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் பிரிஸ்டலில் ஒரு வண்டி செய்வித்து, ‘வாண்டரர்’ என்று பெயரிட்டு, பெர்க்‌ஷயரின் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். பிழைப்புக்காக இல்லாமல் உல்லாசத்துக்கென்றே கட்டிய முதல் கேரவன் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வண்டியோடு ஹரிக்கேன் பாப் என்ற நியூஃபவுண்ட்லாந்து நாயும் போனது. அந்த இனத்து ஆண்நாய் ஏறக்குறைய ஓர் ஆளின் எடை இருக்கும். அத்தனை பெரிய உயிரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய மனிதரின் வழிவந்தது இந்தப் பச்சைப் பெட்டி என்று நினைத்தால் அதன்மேல் மதிப்பு கூடுகிறது.

கேரவனுக்குப் பின்னால் ஆற்றுக்குப் போகும் நடைபாதை. வழியில் ஒரு வேலி, அதைக் கடக்க மர ஏறுபடி. மனிதர் ஏறி இறங்கிவிடலாம், வயதான நாய் என்ன செய்யும்? ஏறுபடியை ஒட்டியே இரண்டு கட்டைகளில் காடி வெட்டி, நடுவே ஒரு பலகையைச் செங்குத்தாகச் செருகியிருக்கிறார்கள். மேலே ஒரு கைப்பிடி. அதைத் தூக்கினால் பலகை எழும்பும், நாய் குனிந்து கடக்கும், கையை விட்டால் பலகை தன் எடையாலேயே இறங்கி வழியை அடைத்துக்கொள்ளும். பூட்டு இல்லை, கீல் இல்லை, துருப்பிடிக்கிற வில் இல்லை. திறந்தபடி மறந்துபோக வழியே இல்லை. ஆட்டுக்கு அதைத் தூக்கத் தெரியாது. நாட்டுப்புறத் தச்சுவேலையில் இதைவிட நேர்த்தியான ஒன்றை நான் கண்டதில்லை. பிரவுனி கடந்த பிறகும் இரண்டு மூன்று தடவை சும்மா தூக்கித் தூக்கி விட்டுப் பார்த்தேன்.

சமையல் மேடைக்கு மேலே பண்ணையம்மா கைப்பட எழுதி ஒட்டிய ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பக்கத்திலேயே காரணம் இருந்ததுதான் அதன் அழகு. நாயின் கழிவை எடுத்துவிடுங்கள், அதிலிருந்து நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி புல்வழியே பசுவுக்குப் போனால் கரு கலையும். மேட்டுப் புல்வெளியில் வாரை அவிழ்க்காதீர்கள், அங்கே கர்லூவும் ஆட்காட்டியும் தரையிலேயே முட்டையிடுகின்றன. இது அவர்கள் விருப்பம் மட்டுமில்லை, சட்டமும்கூட. பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள திறந்த நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, 2 மீட்டருக்கு மிகாத வாரில்தான் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டுச் சட்டம். காரணம் தெரிந்துவிட்டால் வாரைப் பிடிக்கிற கைக்கு அலுப்புத் தெரிவதில்லை.

மாலையில் பண்ணைக்காரர் தன் பார்டர் கோலியோடு வருவார். ‘கம் பை’ என்றால் மந்தையை வலஞ்சுழியாகவும், ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகவும் அது சுற்றி வரும். குரலை உயர்த்தவே மாட்டார். பிரவுனி ஜன்னலடியில் படுத்து, வேலை முடிகிற வரை வாலைக்கூட ஆட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

போகிறவர்கள் ஜூனில் போங்கள். பக்கத்து மியூக்கர் கிராமத்தின் உலர்புல் வெளிகள் அப்போதுதான் பூத்திருக்கும், ஜூலையில் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். கல் பாவிய பாதை ஓர் ஆள் அகலம்தான். மிதிபட்ட புல்லை அறுப்பது கடினம், ஆகவே ஒருவர் பின் ஒருவராக நடங்கள். நாய் உங்களுக்குப் பின்னால் வரட்டும், வார் குட்டையாக இருக்கட்டும்.