மார்கழி வந்தால் மடி நிறையக் குவில்ட்!

சென்னையில் குவில்ட் தைக்கிறவர்களுக்கு டிசம்பர் நடுவில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் பொற்காலம். ஏனென்றால் அப்போதுதான் ஃபேனை நிறுத்த முடியும்! வெட்டிய துண்டுகளைத் தரை முழுக்கப் பரப்பி, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எது நின்றால் எடுப்பாக இருக்கும் என்று மணிக்கணக்கில் மாற்றி மாற்றி வைக்கலாம், ஒன்றுகூடப் பறக்காது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி என்று மூன்று அடுக்கையும் மடியில் போட்டுக் கையால் தைத்தாலும் வேர்க்காது. மே மாதத்தில் இதை நினைத்தாவது பார்க்க முடியுமா?

அதனால் ஆண்டின் பெரிய வேலைகளையெல்லாம் இந்த வாரங்களுக்கென்றே சேர்த்துவைக்கிறேன். எதிர்வீட்டு அக்காவுக்குக் கிறிஸ்துமஸ் மேசை விரிப்பு, தங்கை குழந்தைக்குத் தொட்டில் போர்வை, அம்மாவுக்குப் பொங்கலுக்கு ஒரு முழுக் குவில்ட். விடியற்காலையில் தெருக்கோடிக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும்போதே என் மெஷினும் ஓடத் தொடங்கிவிடும்.

இந்த முறை எடுத்தது ‘லாக் கேபின்’ கட்டம். அது எப்படி வளர்கிறது என்று சொன்னால்தான் என் குதூகலம் உங்களுக்குப் புரியும். நடுவில் சின்னதாக ஒரு சிவப்புச் சதுரம். வீட்டின் கணப்பு நெருப்பு அது என்பார்கள். ஒரு ஓரத்தில் ஒரு பட்டையை வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, கட்டத்தைத் திருப்பி அடுத்த ஓரத்தில் இன்னொரு பட்டை. இப்படியே சுற்றிச் சுற்றி வர வேண்டும். இரண்டு பக்கம் வெளிர் நிறம், இரண்டு பக்கம் அடர் நிறம். தையலுக்கு விடுவது கால் இஞ்ச்தான். அந்த அளவு எல்லாக் கட்டத்திலும் ஒன்றாக இருந்தால் முனையோடு முனை வந்து கச்சிதமாக உட்காரும் பாருங்கள், அப்படியொரு நிறைவு! கட்டங்களையெல்லாம் தைத்து முடித்தபின் தரையில் அடுக்கிப் பார்ப்பதுதான் உச்சம். ஒரு மாதிரி திருப்பி வைத்தால் வைரம் வைரமாகத் தெரியும், இன்னொரு மாதிரி வைத்தால் சாய்ந்த கோடுகள் ஓடும். அதே துண்டுகள், அதே தையல், ஆனால் வேறு வேறு குவில்ட்!

துணி எல்லாம் வீட்டுத் துணிதான். பாட்டியின் சுங்குடிச் சேலை, அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி, பழைய மெட்ராஸ் கட்டச் சட்டைகள். அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டத்தில் சாயம் போகும். 1960களில் அமெரிக்காவில் அதையே ஒரு சிறப்பாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள்! குவில்ட்டுக்கு அது ஆகாது. வெட்டுவதற்கு முன்பே நன்றாக அலசிக் காயவைத்துவிட வேண்டும்.

தரையில் துண்டுகளைப் பரப்பியதும் முதல் ஆளாக வருவது எங்கள் பூனை மிளகு. சரியாக நட்டநடுவில் வந்து சுருண்டுகொள்ளும். நாய் கருப்பன் மெஷின் பெடலுக்குப் பக்கத்தில் காலோடு ஒட்டிப் படுத்துக்கொள்வான். இருவரும் இல்லாத தையல் நாளே எனக்கு வேண்டாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: நூலும் ஊசியும் மூடி போட்ட டப்பாவில்தான். பூனை நாக்கில் பின்பக்கம் பார்த்த முட்கள் உண்டு. நூல் சிக்கினால் துப்ப வராது, உள்ளேதான் போகும், குடலையே சேதப்படுத்திவிடும். எதற்கும் உதவாத பொடித் துண்டுகளை உறையில் திணித்துத் தைத்தால் அருமையான மெத்தை. கருப்பனுக்கு ஒன்று, தெருவில் பனியில் படுக்கும் அவன் கூட்டாளிகளுக்குச் சில.

இரவானால் புத்தகம். மார்கழியில் குவில்ட் வருகிற கதைகளைத் தேடிப் படிப்பது எனக்கு வழக்கம், என்ன சுகம் அது! சூசன் கிளாஸ்பெல் 1917இல் எழுதிய ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’ கதையில், பாதியில் நிற்கும் ஒரு குவில்ட்டில் தையல் திடீரென்று கோணலாவதைப் பார்த்தே, ஆண்கள் தவறவிட்ட உண்மையை இரண்டு பெண்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதுவும் லாக் கேபின் கட்டம்தான்! மார்கரெட் அட்வுட் ‘ஏலியஸ் கிரேஸ்’ நாவலின் பகுதிகளுக்குக் குவில்ட் வடிவங்களின் பெயர்களையே வைத்திருக்கிறார். புத்தகக் கண்காட்சியும் இதே பருவத்தில் வருவதால் அலமாரியில் ஒரு பக்கம் துணி ஏறுகிறது, மறுபக்கம் புத்தகம் ஏறுகிறது.

படிக்கப் படிக்க, உலகம் முழுக்க எனக்குச் சொந்தக்காரிகள் இருப்பது தெரிகிறது. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர். அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த பெண்கள் அங்கே கிழிந்த வேலை உடைகளில் தைத்த குவில்ட்கள் 2002இல் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின, 2006இல் தபால் தலையாகவும் வந்தன. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் சித்தி சமூகத்துப் பெண்கள் ‘கவந்தி’ தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் மடித்துவைத்த துணிப் பூ இருந்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்த திருப்தி. அதைப் பார்த்ததிலிருந்து என் குவில்ட் மூலைகளிலும் பூ பூக்கிறது!

போகி நெருங்கும்போது உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுவிடுவேன்: “பழைய பருத்தித் துணி எதையும் நெருப்பில் போடாதீர்கள் சித்தி, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.” மூட்டை மூட்டையாக வரும். அவிழ்க்க அவிழ்க்க, எந்தச் சேலை யார் கல்யாணத்துக்கு எடுத்தது என்று அம்மா சொல்லிக்கொண்டே வருவாள். எரித்திருந்தால் இத்தனை கதையும் போயிருக்குமே!

உங்கள் வீட்டிலும் அப்படியொரு மூட்டை இருக்கும். அதிலிருந்து ஒரே அளவில் 9 சதுரம் வெட்டுங்கள். மூன்று மூன்றாகச் சேர்த்து, பிறகு மூன்று வரிசையையும் இணையுங்கள். மெஷின்கூட வேண்டாம், பள்ளியில் கற்ற ஓட்டுத் தையல் போதும். முதல் கட்டம் முடிந்தவுடன் கை தானாக அடுத்த துணியைத் தேடும், நான் உத்தரவாதம்!