சளி இல்லாத கருக்குழாய்

நுண்வாய்க்கால் சிப்புக்குள் விந்தணு நீந்தும் காணொளியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. குறை சொன்னால், எளிமையாக்காமல் இயற்பியல் ஏது என்கிறார்கள் சிப் ஆய்வாளர்கள். சரி. எதைக் கழித்துவிட்டு எளிமையாக்கினார்கள்?

இந்த முறையின் கொடை சிறியதல்ல. காளையின் விந்தணுக்கள் கண்ணாடிப் பரப்பருகே குவிவதை ரோத்சைல்ட் 1963இலேயே கண்டார். மனித விந்தணு வாய்க்காலின் நடுவை விட்டு மூலையோரமாகவே போகிறது, பாதை சட்டென்று திரும்பினால் மூலையை விட்டு நேரே சென்று எதிர்ச்சுவரில் முட்டுகிறது என்று 2012இல் டெனிசென்கோ குழு காட்டியது சிப் இல்லாமல் நடந்திருக்காது. தன் தடிமனைவிட முப்பது விழுக்காடே அகலமான சந்திலும் ஈ.கோலை பாக்டீரியா நீந்துகிறது என்பதும் அப்படியே.

என் சண்டை சுவரோடு அல்ல, உள்ளே ஊற்றிய திரவத்தோடு. முன்னும் பின்னும் ஒரே விதமாக அசையும் உயிர் இந்த நுண்ணுலகில் நகரவே முடியாது என்று 1977இல் இயற்பியலாளர் பர்செல் எழுதினாரே, அது தண்ணீர் மாதிரியான திரவங்களுக்கான விதி. உடலுக்குள் விந்தணு கடக்கும் சளி அப்படிப்பட்டதல்ல. அது நீள்சங்கிலி மூலக்கூறுகளின் வலை. இழுத்தால் திரும்ப இழுக்கும். அதற்குள் போனால் மாறுவது வேகம் மட்டுமல்ல, விதியே.

தண்ணீரைக் கெட்டியாக்கினால் சளி ஆகிவிடும் என்ற சமாதானமும் பழசு. நீள்சங்கிலிக் கரைசலில் பாக்டீரியா நீந்தும் விதம் வேறு என்று பெர்க்கும் டர்னரும் 1979இலேயே சொல்லிவிட்டார்கள். மீள்தன்மையுள்ள திரவத்தில் காளை விந்தணுக்கள் கூட்டம் சேர்ந்து நீந்துகின்றன. வெறும் கெட்டித் திரவத்தில் அப்படிச் சேர்வதில்லை. இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவைப் பாருங்கள். அது சளியைத் திருகாணிபோலத் துளைத்துப் போவதாகத்தான் நெடுநாள் நம்பினார்கள். உண்மையில் அது யூரியேஸ் நொதியால் சுற்றியுள்ள அமிலத்தைத் தணிக்கிறது, சளி இளகுகிறது, பிறகு நீந்துகிறது. தன் வாய்க்காலைத் தானே வெட்டிக்கொள்ளும் உயிரை நாம் வெட்டிவைத்த வாய்க்காலில் விட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

இது தெரியாதவர்கள் அல்ல இந்தச் சிப் ஆய்வாளர்கள். ஆனால் கேமராவுக்குச் சளி பிடிக்காது. படம் மங்கும், கணக்கும் சிக்கலாகும். ஆகவே சிலிக்கோன் ரப்பர், தெளிந்த உப்புக்கரைசல், நேர்கோட்டுப் பாதை. கட்டுரையின் கடைசிப் பத்தியில் மட்டும் கருக்குழாய் எட்டிப் பார்க்கும். உண்மைக் கருக்குழாய்க்கோ மடிப்புகள் உண்டு, அசையும் பிசிர்கள் உண்டு. கருப்பை வாயிலோ அண்டம் வெளிவரும் நாட்களில் சளி நெகிழ்ந்து வழிவிடுகிறது, மற்ற நாட்களில் இறுகி அடைக்கிறது. கதவே திரவத்தில் இருக்கும் இடத்துக்குச் சுவரை மட்டும் அளந்துகொண்டிருக்கிறோம்.

இப்போது இதே சிப் கருத்தரிப்பு மையங்களுக்கும் வந்துவிட்டது. முந்தி வந்த விந்தணுவை இயற்கையே தேர்ந்தெடுத்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். உப்புக்கரைசலில் முந்தியது என்று எழுதட்டும்.