நா தளர்ந்த இரவு

"இவருக்கு என்ன ஆயிற்று?"

கடியப்பட்டணத்துத் தேநீர்க் கடையொன்றில், 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காலையில் எழுந்த கேள்வி இது. ஆனித் திங்கள். கடல் கொந்தளித்துக் கிடந்தது. வள்ளங்கள் மணலில் ஏறி நின்றன. தொழிலுக்குப் போக வழியில்லாத நால்வரும், பள்ளிக்குப் போகுமுன் தேநீர் அருந்த வந்த நாமும் ஒரு கைப்பேசியைச் சூழ்ந்து நின்றோம். நால்வரில் ஒருவரின் மகன் அமெரிக்காவில் வேலை செய்கிறான். ஆகவே அந்நாட்டு அரசியல் அவருக்கு வீட்டு அரசியலும் ஆயிற்று.

இங்கே காலை ஆறரை மணி. அங்கே அட்லாண்டா நகரில் முதல்நாள் இரவு ஒன்பது மணி. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜோ பைடனும், முன்னாள் தலைவர் டொனால்டு டிரம்ப்பும் சொற்போர் தொடங்கினர். தொண்ணூறு நிமிடப் போர். தொலைக்காட்சி நிலையத்தில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அடைக்கப்பட்டது. எழுதி வைத்த குறிப்புக்கு இடமில்லை. தாள், எழுதுகோல், தண்ணீர், இவையே கையிருப்பு. அவையில்லாத அவை அது! ஆனால் அந்நாட்டில் மட்டும் ஐந்து கோடிப் பேர் தொலைக்காட்சியில் அதைக் கண்டனர்.

பைடனுக்கு அப்போது வயது 81. குரல் கம்மிற்று. விழி ஓரிடத்தில் நிலைத்தது. சொல்லவந்த கருத்து பாதியில் அறுந்தது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டைக் காக்கத் தம் கட்சி செய்ததை எடுத்துரைக்க வேண்டியவர், அந்தக் காப்பீட்டையே வீழ்த்திவிட்டதாகச் சொல்லி நின்றார். எதிரே நின்றவருக்கு வயது 78. அவர் கூறியவற்றுள் உண்மைக்கு மாறானவை பல என்று செய்தி ஏடுகள் மறுநாளே பட்டியலிட்டன. எனினும் அவர் தடுமாறவில்லை. பொய் உரத்த குரலில் வந்தது, மெய் முணுமுணுத்தது. அதைக் கண்டுதான் மகனை அமெரிக்காவுக்கு அனுப்பிய அந்தப் பெரியவர் கேட்டார்: "இவருக்கு என்ன ஆயிற்று?"

அந்தக் கேள்வியைவிட அதற்கு வந்த விடைகளே நம் சிந்தனையைக் கிளறின. சொற்போரில் சோர்ந்தவரைப் பற்றி அல்ல, அவரை நம்பியிருந்தவர்களைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

ஏமாற்றத்தின் மூன்று முகங்கள்

ஆதரவாளர்கள் மூன்று வகையாயினர். முதல் வகையினர் காரணம் தேடினர். "சளி பிடித்திருந்தது, பயணக் களைப்பு, ஓர் இரவு சரியில்லை, அதனால் என்ன?" என்றனர். இரண்டாம் வகையினர் மேடையைக் குறை கூறினர். "கேள்வி கேட்டவர்கள் எதிரியின் பொய்யை ஏன் அங்கேயே மறுக்கவில்லை?" என்றனர். மூன்றாம் வகையினர் மிகச் சிலர். "எம் தலைவர் நல்லவர், நாட்டுக்கு நன்மை செய்தவர். ஆனால் இன்னும் நான்காண்டு இச்சுமையைத் தாங்கும் வலிமை அவரிடம் இல்லை" என்று வெளிப்படையாகக் கூறினர்.

முதலிருவரும் பற்றுடையோர் என்றும், மூன்றாமவர் துரோகிகள் என்றும் தூற்றப்பட்டனர். இது அமெரிக்காவுக்கு மட்டுமே உரிய நோயா? நம் நாட்டில் எக்கட்சிக்கு இல்லை இந்நோய்? தலைவர் இருமினால் அதிலும் இசையுண்டு என்போரும், தலைவர் தடுமாறினால் தரையின்மீது பழி போடுவோரும் நம் தெருவிலும் இருக்கின்றனரே!

நாள்கள் நகர்ந்தன. மூன்றாம் வகையினர் கூறியதே மெய்யென அக்கட்சியே ஏற்கும் நிலை வந்தது. ஜூலை 21ஆம் நாள் பைடன் போட்டியிலிருந்து விலகினார். துணைத் தலைவர் கமலா ஹாரிஸ் களத்துக்கு வந்தார். சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் கோயிலில் அவர் வெற்றிக்காகப் பூசை நடந்தது. செப்டம்பர் 10ஆம் நாள் பிலடெல்பியா நகரில் டிரம்ப்புடன் அவர் நிகழ்த்திய சொற்போரில் அவர் கையே ஓங்கியிருந்தது என்பது பலர் கணிப்பு. ஆனால் நவம்பர் 5ஆம் நாள் தேர்தலில் அவர் தோற்றார். சொற்போரில் சோர்ந்தவர் வேட்பை இழந்தார். சொற்போரில் சிறந்தவர் தேர்தலை இழந்தார். அப்படியானால் சொல்லுக்கு மதிப்புத்தான் என்ன?

தளர்ந்தது எது?

ஏமாந்த ஆதரவாளன் முதலில் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. தளர்ந்தது நாவா, ஆற்றலா, கொள்கையா? மூன்றும் ஒன்றல்ல. மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே ஒருவன் கண்மூடித்தனமாக முட்டுக்கொடுக்கிறான். இன்னொருவன் கண்மூடித்தனமாகக் கைவிடுகிறான்.

நா மட்டும் தளர்வதுண்டு. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 7இல் ரீகன் தம் முதற் சொற்போரில் தடுமாறினார். வயது 73 ஆயிற்றே என்ற ஐயம் எழுந்தது. இரண்டு வாரத்தில் மறுபடி மேடையேறினார். நகைச்சுவையாக ஒரு விடை சொல்லி அந்த ஐயத்தைச் சிரிப்பில் கரைத்தார். 49 மாநிலங்களில் வென்றார். 2012 அக்டோபர் 3இல் டென்வர் நகரில் ஒபாமா சோர்ந்து நின்றபோதும் ஆதரவாளர்கள் தலையில் கை வைத்தனர். அடுத்த மேடையில் அவர் நிமிர்ந்தார்; வென்றார். பைடனுக்கு ஏன் அது வாய்க்கவில்லை? அந்த இரவு புதிதாக ஓர் ஐயத்தை எழுப்பவில்லை. மக்கள் நெஞ்சில் முன்னரே இருந்த ஐயத்துக்குச் சான்று தந்தது. அருகிருந்தோர் அதுவரை வாய்விட்டுச் சொல்லாததை ஒலிவாங்கி சொல்லிவிட்டது.

ஆகவே, ஏமாற்றத்தை விளைவித்தது அந்த ஓர் இரவு அன்று. அதற்கு முந்திய பல மாத மௌனமே!

நம் மேடை கண்ட சொற்போர்

நம் நாட்டில் வேட்பாளர் இருவரை எதிரெதிரே நிறுத்தி வினவும் வழக்கம் வேரூன்றவில்லை. ஆனால் சொற்போர் நமக்குப் புதிதன்று. 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 9இல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில், கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டுமா என்ற பொருள் பற்றி அறிஞர் அண்ணாவும் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளையும் வாதிட்டனர். மார்ச் 14இல் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் அண்ணாவை எதிர்கொண்டார். அவ்வுரைகள் 'தீ பரவட்டும்' என்ற பெயரில் நூலாயின.

எதிர்நின்றோர் எளியவரா? சேதுப்பிள்ளை 'சொல்லின் செல்வர்' என்று புகழ்பெற்றவர். பாரதியாரோ நாவலர், இந்தி எதிர்ப்பில் முன்நின்றவர், தசரதன் குறையையும் கைகேயி நிறையையும் நூலாகவே எழுதியவர். ஆயினும் அந்நூலைப் படிக்கும் கம்பன் அன்பர் எவரும் முகம் வாடவே செய்வர். ஏன்? அண்ணா கேட்டது, இக்காப்பியம் தமிழன் மானத்துக்கு என்ன செய்தது என்று. பேராசிரியர் காட்டியதோ காப்பியத்தின் கலையழகு. கேள்வி ஒரு திசை. விடை வேறொரு திசை. அங்கே நா தளரவில்லை, ஆற்றலும் தளரவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்நின்று விடை கூறாமையே தளர்ச்சியாயிற்று.

பின்னர் நடந்தது என்ன? காரைக்குடியில் 1939இல் தொடங்கிய கம்பன் கழகம் விழாவை நிறுத்தவில்லை. அன்பர்கள் பதிப்பித்தனர், படித்தனர், விளக்கினர். 1968 சனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு சென்னையில் கூடியபோது கடற்கரையில் கம்பனுக்குச் சிலை எழுந்தது. அன்று முதலமைச்சர் யார்? அதே அண்ணா! எழுப்பிய கேள்வியை அவர் கைவிட்டார் என்பதன்று இதன் பொருள். அக்கேள்வி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. மேடையில் மங்கியது மண்ணில் மடிந்துவிடுவதில்லை என்பதே பொருள். மேடைத் தோல்விக்கு விடை முணுமுணுப்பு அன்று, உழைப்பு.

எங்கள் கடற்கரையின் தீர்ப்பு

இன்னொரு சான்று எங்கள் வாசலிலேயே உண்டு. காமராசர் அடுக்குமொழி அறியாதவர். மேடையை மயக்கும் பேச்சாளர் என்று பெயர் எடுத்தவர் அல்லர். எதிரணியில் நின்றோ சொல் முழங்கிற்று. 1967இல் விருதுநகரில், மாணவர் தலைவர் ஒருவரிடம் 1,285 வாக்குகளில் அவர் தோற்றார். இரண்டாண்டு கழியுமுன், 1969 சனவரியில், நேசமணி மறைவால் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. இக்கடற்கரை மக்கள் அவரைத் தேர்ந்தனர், 1971இலும் தேர்ந்தனர். மறையும் வரை அவர் எங்கள் உறுப்பினரே. அவர் நாவை அன்று, திறந்த பள்ளிகளையும் இட்ட மதிய உணவையும் இம்மக்கள் நிறுத்துப் பார்த்தனர்.

மேடையால் வளர்ந்தோர் நாம். ஊமையாய்க் கிடந்த மக்களுக்கு வாய் தந்தது மேடை என்பதை மறுப்பவர் வரலாறு அறியாதவர். ஆயினும் இதை ஒப்புக்கொள்ள நாம் கூசவேண்டியதில்லை.

அப்படியென்றால் பேச்சு வேண்டாமா? வேண்டும். முடியரசன் பேச வேண்டியதில்லை, ஆணையிட்டால் போதும். மக்களாட்சியில் தலைவன் கணக்குக் காட்டியாக வேண்டும். கணக்கைச் சொல்லும் கருவி நாவே. வள்ளுவர் 'சொல்வன்மை'யையும் 'அவையஞ்சாமை'யையும் பொருட்பாலில் வைத்தது அதனால்தான். தலைவன் தடுமாறும்போது மக்கள் கலங்குவது குற்றமன்று; அது அவர்கள் உரிமை. காமராசரின் பேச்சு எளிது, ஆனால் தெளிவு. எளிமை வேறு, இயலாமை வேறு.

நம் தவறு ஒன்று

இறுதியாக, பிறரைத் திறனாய்ந்த நாம் நம்மையும் திறனாய வேண்டும் அல்லவா? மாணவர் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு ஒரு மாணவியை ஆயத்தம் செய்தோம். தலைப்பு, கடலரிப்பு. நாமே உரை எழுதினோம். அலை, அவலம், அழிவு, அழுகை என்று மோனை சொட்டச் சொட்ட எழுதினோம். அவளும் மனப்பாடம் செய்தாள். மேடையேறினாள். மூன்றாம் வரியில் நின்றாள். அதன்பின் ஒரு சொல்லும் வரவில்லை. வகுப்புத் தோழியர் கண்கலங்கினர். நாமும் முகம் சுளித்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம்.

திரும்பி வரும் வழியில் அவளே பேசினாள். "சார், எங்க வீட்டுக்கு முன்னால ஒரு தென்னை நின்னுது. போன வருசம் கடல் எடுத்துட்டு. அம்மா ராத்திரி எல்லாம் உறங்கமாட்டா. அலைச் சத்தம் கேட்டா எங்களை எழுப்பி உக்கார வச்சிருவா" என்றாள்.

அவ்வளவுதான். அதில் மோனையில்லை, எதுகையில்லை. ஆனால் மண்டபத்தில் அவள் அதைச் சொல்லியிருந்தால் நடுவரும் எழுந்து நின்றிருப்பார். தளர்ந்தது அவள் நாவா? அன்று! நாம் ஏற்றிய சுமை. அவளுடைய கடலை நாம் பறித்துக்கொண்டு நம் சொல்லை அவள் வாயில் திணித்தோம். பிறகு, அவள் ஏமாற்றிவிட்டாள் என்று வருந்தினோம். வருந்தியது அவளுக்காகவா, நம் சொல்லுக்காகவா?

தலைவனுக்காக வருந்தும் தோழர்களே, உங்களையும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நம் கனவையெல்லாம் ஒரு மனிதன் தோளில் ஏற்றிவைத்து, அவன் முதுகு வளைவதைக் கண்டும் காணாதவர்போல் இருந்து, ஒருநாள் அவன் மேடையில் சாய்ந்ததும் திகைப்பது நேர்மையா? முன்னரே சொல்வதே பற்று. மூடி மறைப்பது பற்றன்று, பக்தி. பக்தி கடவுளையே காப்பாற்றவில்லை, தலைவனையா காப்பாற்றும்?

தளர்ந்தது நாவெனில் தாங்குங்கள். ஆற்றலெனில் அன்போடு எடுத்துரையுங்கள். கொள்கையெனில் அஞ்சாது கேளுங்கள். எதுவாயினும் வாய்மூடி இராதீர்கள். தலைவனின் நா ஓர் இரவு தளரலாம். மக்களின் நா ஒருபோதும் தளரலாகாது!