தனத்தின் தோழி எங்கே?

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகும் தனியார் பஸ். டிவியில் 'அழகி'. புதுச்சத்திரம் தாண்டும்போது தனலட்சுமி (நந்திதா தாஸ்) பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டாள். முன் சீட்டு அம்மாள், ஐம்பது வயதிருக்கும், பொதுவாகக் கேட்டார்: "ஏன், அதுங்கூடப் படிச்ச பொம்பளப் புள்ளைங்க ஒண்ணுகூடத் தேடி வரலியே?"

2002ல் வந்த படம். நான் படித்த விமர்சனம் எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

தங்கர் பச்சான் பண்ருட்டிப் பக்கத்து பத்திரக்கோட்டைக்காரர். தன் 'கல்வெட்டு' சிறுகதையைத்தான் 'அழகி' ஆக்கினார். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடப் பகுதி இன்றும் அலுக்கவில்லை. ஆனால் மார்க் போதாமல் தனத்தின் படிப்பு நின்றபின், அவள் வாழ்க்கை சண்முகத்தின் ஞாபகம் வழியாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. சேரனின் 'ஆட்டோகிராப்'பிலும் (2004) இதே கதை. கல்யாணப் பத்திரிகையோடு செந்தில் ஊருக்குப் போனால் பள்ளித் தோழி கமலா குழந்தைகளோடு நிற்கிறாள். அவனுக்குத் தொண்டை அடைக்கிறது, சரி. அவளுக்கு?

ஆறாவதிலிருந்து எட்டாவது வரை நம் ஊரில் சிநேகிதம் பெரும்பாலும் பையன் பையனோடு, பெண் பெண்ணோடு. காய் விடுவது, பழம் விடுவது, ஒரே நெல்லிக்காயை ஆளுக்குப் பாதி கடிப்பது. சினிமா இதையெல்லாம் தாண்டிக் குதித்து நேரே காதலுக்குப் போய்விடும். பாண்டிராஜின் 'பசங்க' (2009) அவசரப்படவில்லை. அன்புவும் ஜீவாவும் போடும் சண்டைதான் சிநேகிதம். அதுவும் பையன்கள் கதைதான்.

தங்கரின் 'பள்ளிக்கூடம்' (2007) எனக்கு 'அழகி'யைவிட உசத்தி. (சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, மன்னித்துவிடலாம்.) பள்ளியை மூடப்போகிறார்கள். ஊரோடு தங்கிவிட்ட குமாரசாமி, கலெக்டராகிவிட்ட வெற்றியைத் தேடிப் போகிறான். பின்தங்கியவன் முன்னே போனவனைத் தேடுவது அபூர்வம். சார் என்பதா, டேய் என்பதா?

"நீங்க எதுவரைக்கும் படிச்சீங்கம்மா?" என்றேன்.

"ஏழாவது."

எட்டாவது படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் அரசு திட்டம் கொண்டுவந்தது 1989ல். இவர் அதற்குச் சற்று முன்பே நின்றுவிட்டவர்.

"எனக்கும் ஒருத்தி இருந்தா சார். ஒரே பெஞ்சு. நான் முந்திரிக்கொட்டை ஒடைக்கப் போயிட்டேன். அவ படிச்சு டீச்சராயிட்டா. கடலூர்லதான் இருக்கா."

"போய்ப் பாக்கலியா?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவ பாத்தேன். அவ என்னப் பாக்கறதுக்குள்ள தூணு மறைவுல நின்னுக்கிட்டேன்."

ஆலப்பாக்கம் வந்தது. கூடையோடு இறங்கிவிட்டார்.