ஷோகேஸில் தோட்டா

தமிழர் வீட்டு ஷோகேஸ்களை வைத்து யாராவது டாக்டர் பட்டம் வாங்கலாம். தலையாட்டும் தஞ்சாவூர் பொம்மை, பையன் மூன்றாம் வகுப்பில் வாங்கிய கப், மகாபலிபுரத்துச் சங்கு, பெட்டி பிரிக்காத டீ செட். எல்லாம் விருந்தாளிக்காக. விருந்தாளி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உத்திரமேரூர் தாலுகா சாலவாக்கத்தில் பார்த்த ஓர் அலமாரி விதிவிலக்கு. சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருப்பதால் அங்கே வெடிச் சத்தம் புதிதில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் காலித் தோட்டாக்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். அப்பா பட்டாளத்தில் இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் பதினாலே உருப்படிகள். சேகரிப்பவர்களுக்கு நிறுத்தத் தெரியாது, இவருக்குத் தெரிந்திருக்கிறது. கறுப்புத் துணி, கனமான கண்ணாடி, பூட்டு. சாவி பேரன் கைக்கு எட்டாத ஆணியில். விளக்கை உள்ளே வைத்து எல்லாவற்றையும் சூடேற்றாமல் வெளியே வைத்திருக்கிறார். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் சாய்த்து வைத்த சின்னக் கண்ணாடிச் சில்லு. தோட்டாவின் ஜாதகம் அதன் அடிப்பாகத்தில் இருக்கிறது. 303 தோட்டா ஒன்றில் ‘கே.எஃப்.’ என்ற எழுத்துகளும் 43 என்ற எண்ணும். கே.எஃப். என்றால் புனே பக்கத்துக் கிர்க்கி தொழிற்சாலை. 43, செய்த வருஷம். அந்தக் காலத்து 303-க்குள் இருந்தது பொடியல்ல, சேமியா மாதிரி மெல்லிய குச்சிகள். கார்டைட். அதைத் தயாரிக்கத்தான் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலையை 1904-ல் ஆரம்பித்தார்கள். குன்னூர் ரயிலில் போகிறவர்கள் ஸ்டேஷன் பெயரைப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

இனி குறைகள்.

எல்லாம் பளபளவென்று மின்னுகின்றன. வாரா வாரம் பாலிஷ் போடுகிறாராம். பித்தளையைத் தேய்க்கத் தேய்க்க அடியிலுள்ள எழுத்து தேய்ந்துபோகும், ஜாதகம் காலி. அதைவிட, பல பாலிஷ்களில் அமோனியா இருக்கிறது. பித்தளைக்கும் அமோனியாவுக்கும் ஆகாது. இதை உலகம் கற்றுக்கொண்டதே நம் ஊரில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் கூடுகள் விரிந்துபோயிருந்தன. யாரும் தொடவில்லை, சுடவில்லை. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், கூட்டை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921 வாக்கில்தான் தெளிவானது. உலோகவியல் புத்தகங்களில் இன்றும் அந்த லாயம் வருகிறது. எனவே சார், மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். புளியும் வேண்டாம்.

இரண்டாவது, அலமாரி பிளைவுட். புது மரம், பிளைவுட், அதன் பசை எல்லாம் மெதுவாக அமில ஆவியை விடும். அது ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கும். ஈயப் பொடி விஷம், குழந்தை விரல் வாய்க்குப் போகிற வீட்டில் கூடவே கூடாது. இரும்பு அலமாரி அழகில்லைதான், ஆனால் இந்த விஷயத்தில் சாது.

மூன்றாவதுதான் முக்கியம். கீழ்த் தட்டில், துருப்பிடித்து, முழ நீளத்தில், ஒரு பக்கம் வால் போல் தகடுகள் வைத்த இரும்பு உருளை. லேபிளில் ‘ஷெல்’ என்று ஒற்றை வார்த்தை. எங்கே கிடைத்தது என்றேன். காயலான் கடையில், கிலோ கணக்கில் வாங்கினாராம்.

“உள்ளே காலியா?”

“பத்து வருஷமா இருக்கு சார், ஒண்ணும் ஆகலை.”

ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிற கதை ஒன்றை அவருக்குச் சொன்னேன். திருப்போரூர் பக்கம் மானாமதி. 2019 ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. கோயில் குளத்தில் கிடைத்த ஒரு மர்மப் பொருளை இளைஞர்கள் என்னவென்று பார்க்கப்போக, வெடித்தது. இரண்டு பேர் இறந்தார்கள், சிலருக்குக் காயம். அனுமந்தபுரம் துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த ராக்கெட் லாஞ்சர் குண்டாக இருக்கலாம் என்று செய்திகள் வந்தன. அதுவும் அதுவரை ‘ஒண்ணும் ஆகாமல்’ கிடந்ததுதான். பிரான்ஸிலும் பெல்ஜியத்திலும் முதல் உலகப் போர்க் குண்டுகள் நூறு வருஷம் கழித்தும் ஏர் முனையில் மாட்டுகின்றன, இன்னும் ஆளைக் கொல்கின்றன. துருப்பிடித்ததால் குண்டு சாதுவாகிவிடுவதில்லை. பல சமயம் முன்கோபிதான் ஆகிறது.

ஒரு தோட்டா செத்ததா என்று பார்க்க, அடியில் ஊசி குத்திய தழும்பை மட்டும் நம்பாதீர்கள். குத்தியும் வெடிக்காதவை உண்டு. முனையில் ஈயக் குண்டு உட்கார்ந்திருந்தால் உயிர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குறடு வைத்துப் பிரித்துக் ‘காலி’ செய்யும் வீர சாகசம் வேண்டாம். தெரியாத இரும்பென்றால் தொடாமல், நகர்த்தாமல், போலீசுக்குச் சொல்வது ஒன்றே வழி. வெடிகுண்டுப் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

“சொன்னா என்னையில்ல சார் உள்ளே வைப்பாங்க?” என்றார்.

இந்த அலமாரியின் நிஜமான ஆபத்து இந்தக் கேள்விதான். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம் தோட்டாவோடு ராக்கெட், குண்டு, ஷெல் எல்லாவற்றையும் ‘அம்யூனிஷன்’ என்ற ஒரே பையில் போடுகிறது. உயிருள்ள ஒரே ஒரு தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சில்லறைப் பாகங்களுக்கு 45-ம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் எது சில்லறை என்பதை கோர்ட்டில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்குள் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் விமான நிலையத்தில் மாட்டி, வழக்கை ரத்து செய்ய ஹைகோர்ட் வரை நடந்தவர்கள் பலர். படித்த வாத்தியாரே பயந்து பத்து வருஷம் ஷெல்லைக் கீழ்த் தட்டில் வைத்துக்கொண்டிருந்தால், குளத்தில் இரும்பு பொறுக்குகிற பையன் எங்கே போய்ச் சொல்வான்? ‘கேள்வி கேட்க மாட்டோம், கொண்டுவராதீர்கள், இடத்தை மட்டும் சொல்லுங்கள்’ என்று பயிற்சித் தளத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊர் டீக்கடையிலும் போர்டு எழுதிப் போடலாம். பெயின்ட் செலவு அதிகமில்லை.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, தெரிந்த வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். வந்தார்கள், மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். அது என்ன என்று அவருக்குச் சொல்லவில்லை. வழக்கும் போடவில்லை. இப்போது அந்தத் தட்டு காலி.

அங்கே என்ன வைக்கலாம் என்று போனில் கேட்டார். பொருளைவிட லேபிளைப் பற்றி யோசியுங்கள் என்றேன். சென்னை உயர்நீதிமன்றத்தின் கிழக்குப் பக்க மதிலில் ஒரு பலகை இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையை நோக்கிச் சுமார் 130 குண்டுகள் போட்டு, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஐந்து பேர் இறந்தார்கள். ஊரே மூட்டை கட்டியது. ‘எம்டன்’ தமிழ் வார்த்தையாகி, 2006-ல் ‘எம்டன் மகன்’ என்று படம் வந்து, பிறகு ‘எம் மகன்’ ஆனது. அந்தப் பலகை பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. குண்டு வந்தது, இங்கே, இந்த நாளில். பார்க்கிறவன் மீதியை யோசித்துக்கொள்வான்.

இதற்கு நேரெதிர் கிளிநொச்சியில் நிற்கிறது. 2009-க்குப் பிறகு இலங்கை ராணுவம் வைத்த வெற்றிச் சின்னம். பிரும்மாண்டமான கான்கிரீட் கனசதுரம், அதைத் துளைத்துக்கொண்டு ஒரு பீரங்கிக் குண்டு, வெடிப்பின் உச்சியில் மலரும் தாமரை. சிற்பமாகத் திறமைக்குறைவு என்று சொல்ல முடியாது. தூரத்திலிருந்தே கண்ணை இழுக்கிறது. ஆனால் அதைச் சுற்றி வசிப்பவர்கள் அந்தக் குண்டு வந்து விழுந்த பக்கத்து ஜனங்கள். அவர்கள் மார்க்கெட்டுக்கும் பஸ் ஏறவும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். குண்டு எவர் வீட்டுக் கூரையைத் துளைத்தது என்று அந்தச் சின்னம் சொல்லவில்லை. கான்கிரீட் என்கிறது.

வாத்தியார் கடைசியில் காலித் தட்டில் எதையும் வைக்கவில்லை. ‘ஷெல்’ என்ற லேபிளை எடுத்துவிட்டு, அது இருந்த பத்து வருஷத்தையும் போலீஸ் எடுத்துப்போன தேதியையும் எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்கிறார்களாம்.